கரை ஆள் இல்லாமல் பலகையில் கால் வைக்காதே: கொல்லிமலை ஓடைகளின் மேல் வேலை பார்க்க முழுமையான வழிகாட்டி

“கீழே தண்ணிதானே சார், விழுந்தா நனைவோம், அவ்வளவுதான்.” சமவெளியில் சாரம் கட்டிப் பழகிய பையன்கள் கொல்லிமலைக்கு வேலைக்கு வந்ததும் இதைத்தான் சொல்வார்கள். நாலாவது மாடியில் பாதுகாப்புப் பெல்ட்டைக் கேட்டு வாங்கி மாட்டுகிறவன், ஓடைக்கு மேலே எட்டடி உயரத்தில் ஒற்றைப் பலகையில் பீடியோடு நிற்பான். தரையைப் பார்த்தால் வருகிற பயம் தண்ணீரைப் பார்த்தால் வருவதில்லை. இந்த மலையின் ஓடைகளில் முழங்கால் ஆழத்துக்குக் கீழே பானை பானையாகப் பாறை கிடக்கிறது. மண்டை அதில் மோதினால் மயக்கம்; மயங்கியவனுக்கு அரையடித் தண்ணீர் போதும்.

அந்தப் பையன்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சிறுபாலத்தின் கைப்பிடிக்குப் பெயின்ட் அடிப்பவர், பாலத்தின் கண்ணில் அடைத்த கிளைகளை எடுப்பவர், குடிநீர்க் குழாயை ஓடை தாண்டிக் கொண்டுபோகிறவர், தடுப்பணைக்குப் பூசுகிறவர், படகுத்துறைப் பலகையை மாற்றுகிறவர் எல்லாருக்கும் இது பொருந்தும். கிணற்று வேலை இதில் சேராது. அங்கே விஷவாயு என்று இன்னோர் எமன் உட்கார்ந்திருக்கிறான். அது தனிப் பாடம்.

முதல் படி: ஓடையைப் படி

வேலை நடக்கும் இடத்தில் நின்று பார்த்தால் ஓடை தெரியாது. அது எங்கிருந்து வருகிறது, எங்கே போய் விழுகிறது என்று இரண்டு பக்கமும் நடந்து பார்க்க வேண்டும்.

கொல்லிமலையின் தலை தட்டையானது. 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் வளப்பூர் நாடு, தின்னனூர் நாடு, சேலூர் நாடு என்று ஊர்களும் வயல்களும் விரிந்து கிடக்கின்றன. அங்கே பெய்கிற மழையில் ஒரு பங்கு சின்னச் சின்ன ஓடைகளாகச் சேர்ந்து அய்யாறாகி, அறப்பளீஸ்வரர் கோயிலுக்குக் கீழே ஆகாய கங்கை அருவியில் ஏறக்குறைய 300 அடி விழுகிறது. அந்த அருவிக்கு இறங்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். அருவியைத் தாண்டிய தண்ணீர் திருச்சி மாவட்டத்துப் புளியஞ்சோலையில் தலைகாட்டும். புளியஞ்சோலையில் நிற்கிறவன் தலைக்கு மேலே வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும்போதே மலைமேல் ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்திருக்கும். அந்த மழை அவனைத் தேடி வந்துகொண்டிருக்கிறது என்பது அவனுக்குத் தெரியாது.

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் இதுதான் நடந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் மேல் திடீர் வெள்ளம் இறங்கியது. 17 வயதுப் பையன் ஒருவன் போய்விட்டான். கோடை விடுமுறை நேரம், மே மாதம். வெள்ளத்தை ஐப்பசி, கார்த்திகையோடு மட்டும் சேர்த்து நினைக்கிற வழக்கத்தை அன்றோடு நாம் விட்டிருக்க வேண்டும்.

மேலே நடந்து பார்க்கும்போது தடுப்பணையோ மதகோ இருந்தால் அதைத் திறப்பவர் யார், அவருடைய செல்பேசி எண் என்ன என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கொல்லிமலை ஓடைகளின் நீரைத் திருப்பி 20 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் நீர்மின் திட்டம் இருக்கிற மலை இது. மேலே கட்டுமானம் வர வர, கீழே ஓடை பழைய கணக்கில் நடந்துகொள்ளாது. கீழ்ப்பக்கம் போகும்போது மூன்று விஷயங்களைத் தேடுங்கள்: மடு, சாய்ந்து கிடக்கும் மரம், அருவியின் விளிம்பு. விழுந்தவன் போய்ச் சேரும் இடம் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். கூப்பிடு தூரத்தில் அருவியின் விளிம்பு இருந்தால், அந்த வேலையைப் புதியவர்கள் தொடவே கூடாது.

வேகத்தைக் குறைத்து மதிப்பிடுவதும் உண்டு. ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு டன் எடை. ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் உடம்பைத் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. காலையில் காலை வருடிப்போன ஓடை, மதியம் அதே முழங்கால் ஆழத்தில் ஆளைப் புரட்டிப் போடுவது இப்படித்தான்.

இரண்டாம் படி: மாதமும் மணியும்

தை பிறந்து தண்ணீர் வடிந்த பிறகு வேலையை எடுங்கள். மாசி, பங்குனி நல்லது. சித்திரை, வைகாசியில் கோடை மழை உண்டு. அது பெரும்பாலும் பிற்பகலில் இடியோடு வரும். எனவே விடிந்ததும் தொடங்கி, மதியம் இரண்டு மணிக்குள் தண்ணீருக்கு மேலே இருக்கிற வேலையை முடித்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் கரையில் கம்பி வளைக்கலாம், பலகை அறுக்கலாம். ஆடி மாதம் வேண்டவே வேண்டாம். காற்று, சாரல் ஒருபக்கம். வல்வில் ஓரி விழாவுக்கு மலையேறி வரும் கூட்டம் இன்னொரு பக்கம். வேடிக்கை பார்க்க வருகிறவர் குழந்தையோடு உங்கள் சாரத்தில் ஏறி நின்று படம் எடுப்பார். கயிறு கட்டித் தடுத்தால் கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே வருவார்.

சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பை முந்தின நாள் இரவும் அன்று காலையும் பாருங்கள். ஆரஞ்சு எச்சரிக்கை என்றால் விடுமுறை. மின்னலுக்கு ‘தாமினி’ என்கிற செயலி இருக்கிறது. ஆனால் மலையின் பல மடிப்புகளில் சிக்னல் கிடைக்காது; செயலியை நம்பி இறங்குகிறவன் பாதி நேரம் நேற்றைய வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். அதனால்தான் அடுத்த படி.

மூன்றாம் படி: கரை ஆள்

எனக்கு இதை ஒரு பாட்டி கற்றுக்கொடுத்தார். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுபாலத்தின் கண்ணில் அடைத்திருந்த சில்வர் ஓக் கிளைகளை ஐந்து பேர் வெட்டி எடுத்துக்கொண்டிருந்தோம். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மலையாளிப் பழங்குடிப் பாட்டி ஒருவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று எழுந்து வந்து, “அய்யா, தண்ணி நெறம் மாறுதுங்க. ஆளுகள மேல வரச் சொல்லுங்க” என்றார். நான் குனிந்து பார்த்தேன். தேயிலை டிகாஷன் மாதிரி ஒரு மெல்லிய கலங்கல். அவ்வளவுதான். அவர் குரலில் இருந்த அவசரத்துக்காக ஏறச் சொன்னேன். நாங்கள் கரையேறி, எவனோ ஒருவன் கத்தியை மறந்துவிட்டேன் என்று திரும்பிப் போகப் பார்க்க, இன்னொருவன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தபோது, ஓசை வந்தது. லாரி மேடேறுவது போன்ற ஓசை. பாறைகள் உருண்டு வருகிற சத்தம் அது. நாங்கள் வேலை செய்துகொண்டிருந்த இடத்தில் இடுப்புக்கு மேல் செம்மண் தண்ணீர் ஓடியது.

ஐந்து பேரும் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தோம். நிமிர்ந்து ஓடையைப் பார்க்க ஆளில்லை. கூலி வாங்காத ஒரு பாட்டிதான் அன்றைக்கு எங்கள் பாதுகாப்பு ஏற்பாடு.

அதிலிருந்து என் வேலைகளில் கரை ஆள் என்று ஒருவர் கட்டாயம். அவருக்கு வேறு வேலை கிடையாது. சிமென்ட் குழைக்கக் கூடாது, டீ வாங்கப் போகக் கூடாது, செல்பேசி நோண்டக் கூடாது. “சும்மா நிக்கிறவனுக்கு ஒரு கூலியா?” என்று காண்டிராக்டர் கேட்பார். கேட்கட்டும். முடிந்தால் இரண்டு பேர்: மேற்பக்கம் ஒருவர், தண்ணீர் வருவதைப் பார்க்க, கீழ்ப்பக்கம் ஒருவர், கயிற்றோடு, விழுந்தவனைப் பிடிக்க. ஒருவர்தான் கிடைப்பார் என்றால் கயிற்றோடு கீழ்ப்பக்கம் நிறுத்தி, மேற்பக்கத்துக்கு ஓடை வரும் வழியில் இருக்கிற ஊர்க்காரர் ஒருவரிடம் சொல்லி வையுங்கள். கரை ஆளாக உள்ளூர்க்காரரை எடுப்பது உத்தமம்.

அவர் பார்க்க வேண்டியவை: தெளிந்த நீர் கலங்குவது, பச்சை இலையும் சுள்ளியும் மிதந்து வருவது, தண்ணீர் சட்டென்று குறைவது (மேலே எங்கோ அடைத்து நிற்கிறது, உடைத்துக்கொண்டு வரும்), ஓசை கனப்பது, மண்வாசம். காலையில் வந்ததும் ஒரு பாறையில் நீர்மட்டத்துக்குச் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். கோடு மறைந்தால் விசில். விசில் அடித்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஏற வேண்டும். கத்தி, கரண்டி, செல்பேசி எதற்காகவும் திரும்பக் கூடாது. தண்ணீர் இரைச்சலில் மனிதக் குரல் கேட்காது. விசில் ஒன்று பத்து, இருபது ரூபாய்தான்.

நான்காம் படி: விழாமல் இருக்க

லைஃப் ஜாக்கெட் போட்டுவிட்டால் தண்ணீர் மேல் பாதுகாப்பு முடிந்தது என்று நினைப்பது தப்பு. அது விழுந்த பிறகு வேலை செய்வது. முதல் கவனம் பலகைக்கும் கைப்பிடிக்கும்தான்.

சாரத்தில் நடைபலகை குறைந்தது இரண்டடி அகலம் வேண்டும். ஒற்றைப் பலகை ஆகாது. பலகைகளை இரண்டு முனையிலும் கட்டுங்கள். தண்ணீர் ஏறினால் கட்டாத பலகை மிதந்துவிடும். இடுப்புக்கு மேலே ஒரு கைப்பிடிக் கம்பும், முழங்கால் உயரத்தில் இன்னொன்றும், பலகை ஓரத்தில் அரையடித் தடுப்புப் பலகையும் வையுங்கள். அந்தத் தடுப்பு இல்லையென்றால் சுத்தியல் உருண்டு விழும், அதைப் பிடிக்கப் போய் ஆளும் விழுவான். இது நான் கண்ணால் பார்த்தது. சாரலில் பலகையில் பாசி ஒரு வாரத்தில் பிடிக்கும். தினமும் காலை சாக்குத்துணியால் தேய்த்து மணல் தூவ வேண்டும்.

எதன் மேல் சாரம் கட்டுகிறீர்கள் என்பதையும் பாருங்கள். திருச்சி முக்கொம்பில் 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணையின் கொள்ளிடம் மதகுகளில் ஒன்பது, 2018 ஆகஸ்ட் 22 அன்று இரவு வெள்ளத்தில் இடிந்து விழுந்தன. 180 ஆண்டு நின்றதே என்ற நம்பிக்கை ஆற்றுக்குக் கிடையாது. நம் சிறுபாலத்துக்கும் அதே கதைதான்: மேலே தளம் உறுதியாக இருக்கும், தூணின் காலடியில் மண் அரித்துக் கை நுழையும் பொந்து விழுந்திருக்கும். கம்பால் குத்திப் பார்க்காமல் பழைய தூணில் சாரத்தைக் கட்டக் கூடாது.

உயரம் அதிகமென்றால் வலை. அமெரிக்காவில் கோல்டன் கேட் பாலம் கட்டியபோது அடியில் வலை விரித்தார்கள். 19 பேர் அதில் விழுந்து பிழைத்தார்கள். 1937 பிப்ரவரி 17 அன்று ஒரு சாரம் முழுதாகப் பெயர்ந்து விழ, வலை கிழிந்து 10 பேர் மாண்டார்கள். ஆளைத் தாங்கும் வலை சாரத்தைத் தாங்காது.

ஐந்தாம் படி: உடையும் ஜாக்கெட்டும்

வேட்டி, லுங்கி கூடாது. நனைந்த லுங்கி இரண்டு காலையும் சேர்த்துக் கட்டிவிடும். பேன்ட் அல்லது அரைக்கால் சட்டை, வார் வைத்த செருப்பு அல்லது கேன்வாஸ் ஷூ. முழங்கால் வரை வரும் கம்பூட்ஸில் தண்ணீர் புகுந்தால் கரையேறக் காலைத் தூக்க முடியாது. சித்தாளாக வரும் பெண்கள் சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டு வேலை செய்வார்கள். தண்ணீர் மேல் ஏறுகிற நாளில் சேலைக்குப் பதில் சுடிதார் போடச் சொல்லுங்கள். ஜாக்கெட்டின் கால் வாரைச் சேலையின் மேல் மாட்ட முடியாது, மாட்டாத ஜாக்கெட் தலைக்கு மேல் கழன்று போகும்.

ஜாக்கெட்டில் நியூட்டன் கணக்கு எழுதியிருக்கும். 50 என்று போட்டிருந்தால் அது நீச்சல் தெரிந்து, நினைவோடு இருப்பவனுக்குத் துணை. 150 என்றிருப்பது மயங்கியவனையும் முகம் மேலே இருக்கும்படி திருப்பிப் போட முயலும். பாறை ஓடையில் மண்டையில் அடிபட வாய்ப்பு இருப்பதால் 150 வாங்குங்கள். கூடவே தாடை வாரோடு ஹெல்மெட். படகு சவாரிக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நைந்துபோன ஆரஞ்சு ஜாக்கெட்டை இரவல் வாங்கி வந்து கணக்குக் காட்டாதீர்கள். பக்கிள் உடைந்த ஜாக்கெட் வெறும் சட்டை.

ஆறாம் படி: கயிறு

ஊரில் பிளாஸ்டிக் கயிறு எல்லாமே நைலான் கயிறுதான். உண்மையில் நைலான் தண்ணீரில் மூழ்கும், பாலிப்ரொப்பிலீன் மிதக்கும். கடைக்காரரிடம் பெயர் கேட்டுப் பயனில்லை. ஒரு முழம் வெட்டி வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மிதப்பதை 30 மீட்டர் வாங்குங்கள். முனையில் மூடியை இறுக்கிய ஐந்து லிட்டர் எண்ணெய் கேனைக் கட்டி, எறிந்து பழகுங்கள். பழகாத கை எறிந்தால் பத்தடி போகாது. பழகிய கை எதிர்க்கரையைத் தொடும். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதி தண்ணீர் மேல் வேலை நடக்கிற இடத்தில் 200 அடிக்கு ஒரு மிதவை வளையம், அதில் 90 அடிக் கயிறு என்று கேட்கிறது. நமக்கு ஓடை அகலம் குறைவு, ஆனால் வளையத்துக்குப் பதில் கேனாவது தொங்கட்டும்.

இப்போது, எல்லாரும் தப்பாகச் செய்கிற ஒன்று. ஓடும் தண்ணீரில் இறங்குகிறவனின் இடுப்பில் கயிற்றைக் கட்டி மறுமுனையை மரத்தில் கட்டுவது. அக்கறையோடு செய்கிற கொலை இது. அவன் விழுந்தால் கயிறு இறுகி நிற்கும், தண்ணீர் அவன் மேல் ஏறி அழுத்தும், முடிச்சை அவிழ்க்க முடியாது. கயிறு இல்லாதவன் மிதந்து போய் அடுத்த திருப்பத்தில் கரையேறுவான். கட்டப்பட்டவன் அந்த இடத்திலேயே மூழ்குவான். பாதுகாப்புப் பெல்ட் சாரத்தின் மேல் நிற்கிறவனுக்கு, அதுவும் தொங்கினாலும் கால் தண்ணீரைத் தொடாத நீளத்தில். தண்ணீருக்குள் நிற்கிறவனுக்கு ஜாக்கெட்டும் கரை ஆளும்தான்.

கீழ்ப்பக்கம், இருபது முப்பது மீட்டர் தள்ளி, ஓடையின் குறுக்கே ஒரு கயிற்றைக் கேன்கள் கோத்து நீர்மட்டத்தில் இழுத்துக் கட்டுங்கள். நேர் குறுக்காகக் கட்டினால் விழுந்தவன் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்பான். சாய்வாகக் கட்டினால் ஓட்டமே அவனைக் கரைக்குத் தள்ளிக்கொண்டு போகும்.

ஏழாம் படி: மின்சாரம்

தண்ணீர் இறைக்கும் மோட்டாருக்கு 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பான் இல்லாமல் இணைப்புக் கொடுக்காதீர்கள். ஒயரில் டேப் சுற்றிய ஒட்டு இருந்தால் கரையோடு நிற்கட்டும். மோட்டார் ஓடும்போது அந்தக் குழியில் யாரும் இறங்கக் கூடாது. டீசல் பம்பு கிடைத்தால் அதுவே மேல்.

எட்டாம் படி: விழுந்துவிட்டால்

விழுந்தவர் எழுந்து நிற்க முயலக் கூடாது. பாறை இடுக்கில் கால் மாட்டினால் தண்ணீர் முதுகைத் தள்ளி முகத்தை அமுக்கிவிடும். மல்லாந்து, கால் விரல்கள் நீர்மட்டத்தில் தெரிய, கால்களை ஓட்டம் போகும் திசையில் நீட்டி, கைகளால் துழாவிக் கரைப்பக்கம் நகர வேண்டும். முழங்காலுக்குக் கீழே தண்ணீர் வந்த பிறகு எழலாம். எதிரே சாய்ந்த மரம் வந்தால் மட்டும் குப்புறத் திரும்பி, அதன் மேல் தாவி ஏறப் பார்க்க வேண்டும். அடியில் போனால் கிளைகள் விடாது. தடுப்பணையின் அடியில் அமைதியாக நுரைத்துச் சுழலும் நீரை நம்பவே கூடாது. விழுந்த பொருளைத் திரும்பத் திரும்பச் சுவருக்கே இழுக்கும் நீர் அது.

கரையில் இருப்பவருக்கு வரிசை இதுதான்: குரல், மூங்கில், கயிறு. ஆள் குதிப்பது இந்த வரிசையில் இல்லை. 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணைப்பக்கம் மூழ்கிய நான்கு இளைஞர்களில் இருவரை, துணி துவைக்கப் போயிருந்த மூன்று பெண்கள் தங்கள் சேலைகளை வீசி இழுத்துக் காப்பாற்றினார்கள். அந்த ஆண்டு கல்பனா சாவ்லா விருது அவர்களுக்குக் கிடைத்தது. எறிய ஏதாவது ஒன்று கையில் இருந்தால் இரண்டு உயிர் மிஞ்சும் என்பதை எந்தப் பயிற்சி வகுப்பும் இதைவிட நன்றாகச் சொல்லிவிடாது.

ஒன்பதாம் படி: கரைக்குக் கொண்டுவந்த பின்

தோளில் போட்டு ஓடாதீர்கள், தலைகீழாகப் பிடிக்காதீர்கள், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்காதீர்கள். மூச்சு இல்லையென்றால் தாடையை உயர்த்தி, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து முதலில் ஐந்து முறை ஊதுங்கள். நீரில் மூழ்கியவனுக்குக் காற்றுதான் முதல் மருந்து. பிறகு மார்பின் நடுவில் 30 அமுக்கு, இரண்டு ஊது. நிறுத்தாமல், ஆள் மாற்றி மாற்றி. ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். சிக்னல் எந்த மேட்டில் கிடைக்கும் என்று காலையிலேயே பார்த்து வைத்திருக்க வேண்டும். பக்கத்தில் செம்மேடு அரசு மருத்துவமனை. அதற்கு மேல் வேண்டுமென்றால் 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி நாமக்கல். மூச்சு நின்றவனின் மூளை நான்கைந்து நிமிடம்தான் தாங்கும், வளைவுகள் முடியும்வரை அது காத்திருக்காது. பிழைத்து எழுந்து “ஒண்ணுமில்ல சார்” என்று சிரித்தாலும் மருத்துவமனைக்கு அனுப்புங்கள்; நுரையீரலில் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் வேலையைக் காட்டும்.

பத்தாம் படி: கேட்க வேண்டியதைக் கேள்

கட்டுமானத் தொழிலாளர்களுக்கான 1996-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் கீழ் வந்த 1998 மத்திய விதிகளும் நீரில் மூழ்கும் ஆபத்துள்ள இடத்தில் மீட்புக் கருவி கொடுப்பதை முதலாளியின் கடமையாக்கின. 2020-இல் இயற்றப்பட்ட தொழிற்பாதுகாப்புத் தொகுப்பு அந்தச் சட்டத்தைத் தனக்குள் எடுத்துக்கொண்டது. ஆகவே ஜாக்கெட் கேட்பது சலுகை கேட்பதாகாது. நலவாரியத்தில் பதிவு செய்த அட்டையும் கையில் இருக்கட்டும்.

பதினோராம் படி: மாலை

பலகையை அவிழ்த்து மேட்டில் ஏற்றுங்கள். இரவில் வெள்ளம் வந்தால் விட்டுவைத்த பலகை போய்க் கீழ்ப்பாலத்தின் கண்ணை அடைக்கும். ஆட்களை எண்ணுங்கள். காலையில் எண்ணிய அதே ஆள் எண்ண வேண்டும். காலில் அட்டை ஏறியிருந்தால் உப்பு. எறிகயிற்றை அலசி, நிழலில் காயப்போட்டு, சிக்கில்லாமல் அடுக்கடுக்காகச் சாக்கில் விடுங்கள்; சுருட்டி வைத்தால் நாளை எறியும்போது முடிச்சு விழும். கேன் மூடியை ஒருமுறை திருகிப் பாருங்கள். கடைசியாகக் கரையேறுவது கரை ஆள்.